விருத்தாம்பாள் பார்த்த வெள்ளை அடைப்பு

விருத்தாம்பாளுக்கு ஐம்பத்தொரு வயசு. செம்மண்டலத்தில் ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஏழு மணிக்குச் சிதம்பரத்தில் எலிக்கூடத்தைத் திறக்க முடியும். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பன்னிரண்டு வருஷமாக ஒப்பந்த வேலை. தீனி வைப்பதும் மரத்தூள் மாற்றுவதும் பெரிசில்லை. காலையில் ஒவ்வொரு பெண் எலியையும் வாலைப் பிடித்துத் தூக்கி, பிறப்புறுப்பில் ஆணின் விந்து உறைந்து வெள்ளையாக ஒரு சின்ன அடைப்பு இருக்கிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். இருந்தால் ஆணோடு சேர்ந்திருக்கிறது. சில மணி நேரத்தில் அது விழுந்துவிடும் என்பதால் அவள் தாமதமாக வந்ததே இல்லை.

ஆராய்ச்சி மாணவி சந்திரலேகாவின் எலிகள் வந்த பிறகுதான் வம்பு. செல்லோடு செல் ஒட்டிக்கொள்ள உதவும், செல்லின் மேல்சவ்வில் இருக்கிற ஒரு புரதக் குடும்பத்தைப் பற்றி அந்தப் பெண் ஆராய்ச்சி செய்தாள். அந்தக் குடும்பத்தில் ஒரு புரதம் மட்டும் பிறவியிலேயே இல்லாத பெண் எலிகள் அவை. புண் ஆறுவதைப் பார்க்க அவளுக்கு நிறைய குட்டிகள் வேண்டியிருந்தன. எலிகள் நன்றாகத் தின்றன, ஓடின. அடைப்பும் தெரிந்தது. ஆனால் நாலு மாசத்தில் ஒரு குட்டிகூடப் போடவில்லை.

சந்திரலேகா தீனியை மாற்றினாள், ஆண் எலிகளை மாற்றினாள். கடைசியில், கண்ணாடி போட்டுப் பாருங்களேன் அக்கா என்றாள். துறைத்தலைவரோ, பார்க்காமலே குறித்து வைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டார். அன்று விருத்தாம்பாள் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. வீட்டில் புருஷன் உத்திராபதி, வேலையை விட்டுத் தொலை என்றான்.

மறுநாள் சந்திரலேகாவை ஏழு மணிக்கே வரச்சொல்லி, ஓர் எலியைத் தூக்கி அடைப்பைக் காட்டினாள்.

"இதுக்குக் கண்ணாடி வேணுமா பாப்பா?"

சந்திரலேகா அந்த எலியை அப்போதே அறுத்துக் கருமுட்டைகளை எடுத்தாள். விருத்தாம்பாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பெண்ணே வந்து அவளை நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார வைத்தாள். உருண்டையாக ஒரு முட்டை. அதன் வெளி உறையைத் தாண்டி வந்த நாலைந்து விந்தணுக்கள் முட்டையை முட்டியபடி வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. முட்டைக்குள் எதுவும் போகவில்லை.

"தேடி வருதுக்கா, தொடுது. ரெண்டும் ஒன்னா சேரல. இதுங்ககிட்ட இல்லாத அந்தப் பொரதந்தான் சேத்து வெக்கிது போல. உங்க மேல தப்பே இல்ல."

"நாலு மாசமா அதத்தான் சொல்றேன்" என்றாள் விருத்தாம்பாள். சந்திரலேகா தலையைக் குனிந்துகொண்டாள்.

துறைத்தலைவர் வந்து பார்த்தார். தான் கேட்டதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆராய்ச்சி இனிமேல் கருமுட்டையைப் பற்றி என்று முடிவானது. கூண்டுகள் இரட்டிப்பாகும், பார்க்க வேண்டிய எலிகளும்தான். விருத்தாம்பாளுக்கு முழங்கால் இப்போதே கடுத்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வேறு ஆள் வேண்டும் என்று கேட்டாள். சந்திரலேகா தானே வருவதாகச் சொன்னாள், சொன்னபடி வந்தாள்.

அந்த ஞாயிறு விருத்தாம்பாள் ஒன்பது மணி வரை தூங்கினாள். உத்திராபதி போட்டு வைத்த டீ ஆறிப்போயிருந்தது. அசதி போகவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கமாகப் புரண்டு படுத்தாள்.