மாற்றாந்தாய்க்கு இருந்த இரண்டு முடிவுகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் ஒரு ஆணின் பெயரில் கதை எழுதிக்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் பெரிய கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு அச்சகம் இருந்தது. என் அண்ணனோடு படித்தவர் ஒருவர் அதை நடத்திவந்தார். மாதம் ஒரு பத்திரிகையும் கொண்டுவந்தார். எழுதுவது நான்தான் என்பது அவருக்கும் என் அண்ணனுக்கும் மட்டும் தெரியும். என் கணவருக்குத் தெரியாது. அவர் சைகோனில் சுங்க இலாகாவில் குமாஸ்தா. கல்யாணமான ஏழாம் மாதம் கப்பலேறியவர். ஆறு வருடமாக நானும் மாமியாரும் மட்டும் வீட்டில் இருந்தோம்.

கதை எழுத யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் கோயில் திருவிழாவில் புனிதர் நாடகம் போடுவார்கள். எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தெருவில் பங்குனியில் கூத்து நடக்கும். சிறுவயதிலிருந்து இரண்டையும் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்திருந்தது. இங்கே சிலுவை, அங்கே கிரீடம். மற்றபடி கதை ஒன்றுதான். ஒருவன் வீட்டை விட்டுப் போகிறான். வழியில் சோதனை வருகிறது. எதிர்பாராத ஒருவர் கைகொடுக்கிறார். போனவன் வேறு ஆளாகத் திரும்புகிறான். அவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். அவனைக் கெடுக்க இன்னொருத்தி இருக்கிறாள்.

இதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். போகிறவன், காத்திருப்பவள், வழித்துணை, கொடியவள் என்று தனித்தனிப் பக்கம். புதுக்கதை தொடங்கும்போது அதைப் பிரித்து யாரை எங்கே நிறுத்துவது என்று பார்ப்பேன். காட்டுக்குப் போன அரசனை மில்லுக்குப் போன ஆளாக்கினேன். எமன் பின்னால் நடந்த மனைவியை ஆஸ்பத்திரி வாசலில் உட்காரவைத்தேன். கதை தானாக நின்றது.

காத்திருப்பவளை மட்டும் ஒன்பது கதைகளில் எழுதியிருப்பேன். என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பத்திரிகையை நான்தான் வாசித்துக்காட்டுவேன். "இந்தப் பொம்பளைக்கு இருக்கிற பொறும நமக்கெல்லாம் வருமா?" என்பார். நான் பக்கத்தைப் புரட்டுவேன்.

அந்த ஆண்டு மழைக்கு முன்னால் கணவர் ஆறுமாத விடுப்பில் வருவதாகக் கடிதம் வந்தது. நானும் மாமியாரும் கடலுக்குள் நீண்டிருந்த கப்பல் பாலத்துக்குப் போனோம். கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டிருந்தது. ஆட்களைப் படகில் ஏற்றிப் பாலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர் மேலே ஏறி வந்தார். உடம்பு பெருத்திருந்தது, முன்மண்டையில் முடி குறைந்திருந்தது. அம்மாவின் கையை எடுத்து முத்தமிட்டார். பிறகு திரும்பிப் படகுக்காரரிடமிருந்து ஒரு குழந்தையை வாங்கி எங்கள் முன்னால் நிறுத்தினார். ஐந்து வயதிருக்கும். நீலக் கால்சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்ட மேல்சட்டை. நெற்றியில் நேராக வெட்டிய முடி.

"இது யாரு?" என்று மாமியார் கேட்டார்.

"எம் பொண்ணு." என்னைப் பார்க்காமல் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "அவ அம்மா போன வருசம் செத்துட்டா. அங்க விட்டுட்டு வர முடியல."

மாமியார் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று கணவர் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. நானும் அதற்காகத்தான் காத்திருந்தேன். கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி உள்ளே கிள்ளிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"வெயிலா இருக்குது. வண்டியில ஏறுங்க," என்றேன்.

வீட்டில் அன்று விரால் மீன் குழம்பு. குழந்தைக்குத் தட்டு வைத்தேன். அவள் தட்டைப் பார்த்தாள், எங்கள் கைகளைப் பார்த்தாள். எழுந்துபோய் மூலையில் இருந்த விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சிகளை உருவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவற்றை ஒரே கையில் பிடித்து ஒரு பருக்கை சோற்றைத் தூக்கினாள். விழுந்தது. மறுபடி தூக்கினாள்.

"கருமம், தொடப்பக்குச்சி," என்றார் மாமியார்.

கணவர் சைகோன் பக்கத்து அன்னமியர் பாஷையில் ஏதோ அதட்டினார். குழந்தை குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது. நான் இரக்கப்பட்டேன் என்று எழுத இப்போதும் ஆசையாக இருக்கிறது. இரக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் தென்னை ஓலையிலிருந்து பச்சை ஈர்க்கு இரண்டு கிழித்து, கழுவி, ஒரே அளவாக நறுக்கித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால், சோறு வீணாகிறது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

ஒரு மாதம் ஓடியது. அவருக்குத் துணி மடித்தேன், கறி சமைத்தேன், ஒரே கட்டிலில் படுத்தேன். அவர் இரண்டு மூன்று தடவை பேச வந்தார். "உங்கிட்ட எழுதியிருக்கணும்," என்றார் ஒருநாள். "ஆமா," என்றேன். அதற்குமேல் அவருக்கும் போகத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. குழந்தை என்னை 'மதாம்' என்று கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த கொஞ்சம் பிரெஞ்சில் அது ஒன்று. அவள் தலையில் பேன் பார்த்தேன். சட்டை தைத்துப் போட்டேன்.

அச்சகத்திலிருந்து கதை கேட்டு அண்ணன் மூலம் சொல்லியனுப்பினார்கள். நோட்டை எடுத்தேன். காத்திருப்பவள் பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை; காத்திருந்தது முடிந்துவிட்டது. கொடியவள் பக்கத்தைப் பிரித்தேன். அங்கே மாற்றாந்தாய் இருந்தாள். நானே எப்போதோ அவளுக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்: ஒன்று, தண்டனை. இரண்டு, மனம் திருந்துதல்.

ஒரே மூச்சில் முதல் பகுதியை எழுதினேன். என் கதையில் மாற்றாந்தாய் குழந்தைக்குச் சோறு மறைத்தாள், சூடு போட்டாள். வார்த்தைகள் தடங்கலில்லாமல் வந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டுக் குழந்தை என் மடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. என் கால் வலித்தது. அசைத்தால் விழித்துவிடுமே என்று அசைக்கவில்லை. எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நான் பார்க்காத யாரோ ஒருத்தியைப் பற்றி இருந்தது. அந்தக் காகிதங்களை அடுப்பில் போட்டேன்.

இரண்டாவதாக எழுதியது நாலு பக்கம்கூட இல்லை. ஒரு பெண், கணவன் கொண்டுவந்த குழந்தையை வளர்க்கிறாள். அடிக்கவில்லை, கொஞ்சவுமில்லை. தலை வாருகிறாள், நகம் வெட்டுகிறாள். தனக்குக் கோபம் வரவேண்டும் என்று தெரிகிறது, வரவில்லை. அன்பும் வரவில்லை. மறுநாளும் தலை வாருகிறாள். கதை முடிந்தது.

மாமியாரிடம் மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டு அதை நானே எடுத்துக்கொண்டு போனேன். அச்சகக்காரர் நின்றபடியே படித்தார். கையெல்லாம் மசி.

"தங்கச்சி, மீதி எங்க?"

"அவ்ளோதாண்ணே."

"கதையில ஒண்ணும் நடக்கலையே. இவ நல்லவளா கெட்டவளா?"

"தெரியல."

அவர் கெட்டவரல்ல. பெஞ்சை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். "நீதான எங்கிட்ட சொல்லுவ, ஒரு ஆளு போற எடத்துக்கும் வர்ற எடத்துக்கும் நடுவுல மாறணும்னு. இவ கல்லு மாதிரி நின்னுக்கினு இருக்கா. படிக்கிறவங்க எதப் புடிச்சிக்கிறது? ஒண்ணு இவளுக்குக் கேடு வரட்டும், இல்ல மனசு எளகட்டும்."

"எளகலண்ணே," என்றேன்.

"நான் பாத்துக்குறேன்," என்றார். அவருக்குப் பக்கம் நிரப்ப வேண்டியிருந்தது. எனக்கு வாதாடத் தெம்பில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்திரிகை வந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் வீட்டிலிருந்தார். "குடு, நான் படிக்கிறேன்," என்று வாங்கிக்கொண்டு மாமியாருக்கு வாசித்தார். நான் வாசல் நடையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பத்தியிலேயே அவர் குரல் தணிந்தது.

"எவனோ நம்ம வூட்டுக் கதைய எழுதியிருக்கான்," என்றார்.

"ஊரே பேசுது. எழுத மாட்டானா?" என்றார் மாமியார். "மேல படி."

படித்தார். என் நாலு பக்கம் முடிந்ததும் அச்சகக்காரரின் பகுதி வந்தது. செத்துப்போன தாய் வெள்ளையுடுத்திக் கனவில் வருகிறாள். உன் மடியில் என் மகளைப் போட்டேன் என்கிறாள். மாற்றாந்தாய் அலறி எழுந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அம்மா என்கிறது குழந்தை. நன்றாகத்தான் எழுதியிருந்தார். என் நோட்டில் இருந்தபடியே இருந்தது.

கணவர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கப்பலேறிய நாளில்கூட நான் பார்க்காத அழுகை. மாமியாரும் மூக்கைச் சிந்தினார். பிறகு கணவர் என்னிடம் வந்து குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உனக்கும் இப்பிடி எதுனா கனவு வந்துச்சா?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காகியிருக்கும். அவர் மன்னிக்கப்பட்டிருப்பார், நான் நல்லவளாகியிருப்பேன்.

"இல்லீங்க," என்றேன். அவரைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

விடுப்பு முடிந்து அவர் திரும்பிப் போனார். குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. பத்திரிகைக்குப் பாராட்டிக் கடிதங்கள் வந்ததாக அச்சகக்காரர் சொல்லியனுப்பினார். அதே மாதிரி இன்னொன்று வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். நோட்டைப் பார்த்து இன்னும் இரண்டு வருடம் எழுதினேன். போகிறவன் போனான், வந்தான். எழுதத் தெரிந்த கை எழுதியது. பிறகு அச்சகம் மூடிப்போனது. அதற்காகவும் நான் வருந்தியதாக ஞாபகமில்லை.

அந்த நோட்டிலிருந்த கதைச் சட்டகத்தை நான் இன்று பழிக்கவில்லை. கணவரை அழவைத்தது அதுதான். அவருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு நடந்ததை வைக்க அதில் இடமில்லை, அவ்வளவே.

ஏழு வயதில் பெண்ணைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்க்க அழைத்துப்போனேன். பேரேட்டின் முன் ஒரு பிரெஞ்சு மதர் உட்கார்ந்திருந்தார். சைகோனில் பதிந்த பிறப்புத் தாளைக் கொடுத்தேன். அதில் தகப்பன் பெயர் இருந்தது. தாய் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தது.

"உங்க பேர் எழுதிடவா, மதாம்?" என்று மதர் உடைந்த தமிழில் கேட்டார்.

"வேணாம் மதர்."

"அப்போ காலியா விடலாம். நெறைய பேருக்கு அப்பிடித்தான் இருக்கு."

"கேட்டு எழுதி வாங்கித் தரேன். எடம் விட்டு வைங்க," என்றேன்.

இரண்டு வருடமாக அவளைப் பெற்றவளின் பெயரை நான் யாரிடமும் கேட்டதில்லை. அன்று மத்தியானமே கணவருக்கு எழுதினேன். வேறு எதுவும் எழுதவில்லை. பதில் வர இரண்டு மாதம் ஆனது. காகிதத்தின் நடுவில் மூன்று சின்னச் சொற்கள், பிரெஞ்சு எழுத்தில், மேலும் கீழும் புள்ளிகளோடு. பள்ளி விட்டதும் மதரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பார்த்துப் பார்த்துப் பேரேட்டில் எழுதினார். எழுதியதை நான் மெதுவாக வாசித்தேன்.

பக்கத்தில் நின்ற பெண் தலையை ஆட்டினாள். "அப்பிடி இல்ல," என்று அவளே சொன்னாள். நடுச்சொல்லில் குரல் கீழே இறங்கி மேலே வந்தது.

நான் சொன்னேன்.

"இல்ல. திரும்ப."

திரும்பச் சொன்னேன். மதர் பேரேட்டை மூடினார். தெருவில் இறங்கி வாய்க்கால் ஓரமாக நடந்தோம். அவள் ஒரு தடவை சொல்ல, நான் ஒரு தடவை சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிவரை எனக்கு அது சரியாக வரவில்லை.