கண்ணுக்குள் ஏறிய மஞ்சள்

உடல் எடை கூடியதால் என் மகள் ரேவதியின் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. எடை குறைய, இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்யச் சொன்னார் டாக்டர். அது வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வயிற்றில் தையல் இருந்தால் யார் கட்டுவார்கள் என்று தள்ளிப்போட்டேன். நுண்துகள்கள் நேராக ஈரலுக்கே போய்க் கொழுப்பைக் கரைக்கும் என்று செல்போனில் ஒரு 'நானோ சொட்டு மருந்து' விளம்பரம் வந்தது. வாங்கி, தினமும் நானே அவள் வாயில் ஊற்றினேன். முகம் மஞ்சளாகத் தெரிந்தபோது, பூசிக் குளித்த மஞ்சள் என்றே நினைத்தேன்.

வத்தலக்குண்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டோடு குனிந்தவளை மாப்பிள்ளையின் அம்மா உற்றுப் பார்த்தார்.

"மஞ்ச மூஞ்சிக்குத்தான பூசுவாக? இவுக கண்ணுக்குள்ளயும்ல பூசியிருக்காக! இம்புட்டு ஒடம்போட நோயையும் சேத்தா எங்க தலையில கட்டப் பாத்தீக?"

வந்தவர்கள் சிரித்தார்கள். ரேவதி தட்டோடு அப்படியே நின்றாள். அப்போதுதான் நான் அவள் கண்களைப் பார்த்தேன்.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புட்டியைப் பார்த்த டாக்டர், "இந்தச் சொட்டுதான் ஈரலக் கெடுத்திருக்கு. நானோ மருந்து ஆராய்ச்சி நடக்குறது உண்மைதான். அங்க முதல்ல எலிக்குக் குடுத்துப் பாப்பாங்க. நீங்க எலிக்கு முன்னாடி உங்க பொண்ண நிறுத்திட்டீங்கம்மா" என்றார்.

பிழைத்துக்கொண்டாள். ஈரல் தேறியதும் ஆபரேஷன் நடந்தது. இப்போது வரன் பேச வருகிறவர்களிடம் வயிற்றுத் தையலைத்தான் முதலில் சொல்கிறேன். சிலர் காபிக்குக்கூட நிற்பதில்லை. அவளை மஞ்சள் பூச விடுவதில்லை. காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திக் கண்களைப் பார்க்கிறேன்.

"வந்தவுக ஒரு வாட்டிதான் பாத்தாக, கண்டுபிடிச்சிட்டாக" என்கிறாள் ரேவதி. "நீ தெனமும் மருந்து ஊத்துனப்ப எதைம்மா பாத்த?"