பத்தடிக்குள் பதினாறு பேர்

வடிவம்மாள் கட்டில்காலில் ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றின் நுனியைக் கட்டிவிட்டு, கண்டைப் பிரித்துக்கொண்டே பின்னால் நடக்கிறாள். முதுகு அலமாரியில் இடித்ததும் நின்று, அந்த இடத்தில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான், அறையின் நீளம் அவள் கைப்பைக்குள் போய்விடும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே வீடு தேடி வந்து, பெண்ணைக்கூட ஏறெடுத்துப் பாராமல் சுவர்களைப் பார்த்துவிட்டுப் போகிற போட்டோக்காரி பினாங்கில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவள் வீடு கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில். வாரத்தில் ஐந்து நாள் மாக் மண்டினில் ரேடியோ தொழிற்சாலை வேலை. சனி ஞாயிறு வந்தால் துண்டில் சுற்றிய கேமராவோடு ஃபெரி ஏறிவிடுவாள். ஃபெரியில் சும்மா வரமாட்டாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர் பெஞ்சைப் பார்த்து, "ஆறு பேரு, ஒம்போது அடி" என்று முணுமுணுப்பாள். எதிரே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையெல்லாம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

ஜார்ஜ்டவுனில் பல முஸ்லிம் வீடுகளுக்கு வடிவம்மாள்தான் வேண்டும். பெண்கள் கூடியிருக்கும் அறைக்குள் ஆண் போட்டோக்காரரை விடமாட்டார்கள். அந்த அறைகளோ தீப்பெட்டிகள். பழைய கேமராவில் இருந்த ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸில், பத்தடி தள்ளி நின்றால் ஏழடி அகலம்தான் விழும். மிச்சப்பேர் வெளியே.

அப்படித்தான் போன வருஷம், எண்பத்தேழில், ருக்கையா வீட்டு மூத்த பெண் கல்யாணத்தில் ஹாஜரா பாதியாகிப் போனார். ருக்கையாவின் அக்கா அவர். பிள்ளையில்லாதவர், தங்கை பெண்கள் இரண்டு பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அந்நிய ஆண் முன்னால் நிற்காதவர் என்பதால் அடையாளக் கார்டைத் தவிர வேறு படமே கிடையாது. ஆல்பத்தில் அவருக்கு ஒரு கண்ணும் ஒரு காதும் அரைச் சிரிப்பும் வந்திருந்தன. திட்டியிருந்தாலாவது வடிவம்மாளுக்கு ஆறியிருக்கும். அவரோ, "பரவால்லலா வடிவு, பாதியாச்சும் வந்திருக்குல்ல" என்றார். அன்றைக்கு வீடு திரும்பியவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் இளைய பெண்ணுக்குக் கல்யாணம். அந்த வீட்டில் இனி கல்யாணம் கிடையாது. ருக்கையா கூப்பிட்டனுப்பிய அன்றே வடிவம்மாள் முடிவெடுத்துவிட்டாள், இந்த முறை ஒருவரும் வெட்டுப்படக்கூடாது. பழைய கேமராவுக்கு அகல லென்ஸ் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கையில் இருந்த போனஸில் வேறு கேமராவும் ஒரே ஒரு லென்ஸும்தான் வாங்க முடியும். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி கேமராவில் மாட்டாது. இன்றைக்குத் தப்பாக எடுத்தால் எத்தனை வருஷத்துக்கு அந்தத் தப்போடு மாரடிக்க வேண்டுமோ.

பினாங்கு ரோட்டில் கேமராக் கடை வைத்திருக்கும் சுலைமான் நல்ல மனிதர். பேச ஆரம்பித்தால்தான் நிறுத்தமாட்டார்.

"புது மாடல்கா. பட்டனைத் தொட்டா போதும், அதுவே போக்கஸ் பண்ணிக்கும்லா."

"லென்ஸக் காட்டுங்க தம்பி."

"கேமரா பாடிய மொதல்ல பாருங்கக்கா."

"பாடி வெறும் இருட்டுப் பொட்டி. ஆளுங்கள உள்ள கொண்டாறது லென்ஸ்தான."

சொல்லிக்கொண்டே கயிற்றை எடுத்துக் கண்ணாடி மேசைக் காலில் கட்டிவிட்டாள். முடிச்சு வாசற்படியில் வந்து நின்றது. ஆட்கள் நிற்கும் அகலத்துக்குப் பன்னிரண்டு அடியில் இன்னொரு கயிறு. அதன் ஒரு முனையில் சுலைமான், மறுமுனையில் பாஸ்போர்ட் படம் வாங்க வந்த ஒரு அம்மா. பாவம், எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல் அந்த அம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

லென்ஸின் எண் குறையக் குறைய அகலம் கூடும். முப்பத்தைந்து மில்லிமீட்டரில் சுலைமானின் ஒரு தோளைக் காணவில்லை. இருபத்துநான்கில் எல்லாம் விழுந்தது, ஆனால் ஓரத்தில் நின்றவர் இழுபட்டார். "ஒங்க தல பூசணிக்கா மாதிரி போவுது தம்பி. கல்யாண வீட்டுல அடிக்க வருவாங்க." இருபத்தெட்டில் இரண்டு பேரும் முழுசாக, அவரவர் முகத்தோடு நின்றார்கள்.

கடையில் இருந்த இரண்டு கம்பெனி கேமராக்களுக்கும் இருபத்தெட்டு லென்ஸ் இருந்தது. வடிவம்மாள் இரண்டையும் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறைக்குள் போய்க் கதவைப் பாதி சாத்தினாள். பிளாஷ் போட்டால் ஜரிகை எரிந்து முகங்கள் மாவு பூசினாற்போல் ஆகிவிடும். ருக்கையா வீட்டு அறையின் ஒற்றை டியூப் லைட்டைத்தான் நம்பவேண்டும். புது மாடல் அந்த அரையிருட்டில் கர்ர், கர்ர் என்று முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தது. "இது தேடி முடிக்கறதுக்குள்ள பொண்ணுக்குப் புள்ளையே பொறந்துரும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மற்றது கையால் திருப்புகிற லென்ஸ். வாய் அகலமானது, கொஞ்ச வெளிச்சமே அதற்குப் போதும். யாரோ பழைய போட்டோக்காரர் விற்றுவிட்டுப் போன கேமராவில் அதை மாட்டிப் பார்த்தாள். சட்டென்று தெளிந்தது.

"இதுவே இருக்கட்டும்."

சுலைமானுக்கு மனசு கேட்கவில்லை. "நான் ஒங்க நல்லதுக்குச் சொல்றேன்கா. இன்னும் நாலு வருசத்துல கையால திருப்புறத எவனும் தொடமாட்டான்லா."

அவர் சொல்வது பொய்யில்லை என்று வடிவம்மாளுக்கும் தெரியும். லென்ஸைத் துணியால் துடைத்து மேசைமேல் வைத்தாள். பிறகு, "நாலு வருசத்துக்கு அப்புறம் இந்தக் கல்யாணம் இருக்காது தம்பி" என்று சொல்லிக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

கல்யாணத்தன்று பிற்பகல். ருக்கையா வீட்டு அறையில் பெண்ணோடு சேர்த்துப் பதினாறு பேர் இரண்டு வரிசையாக அடைந்திருந்தார்கள். சிரிப்பும் அத்தரும் வளையல் சத்தமும். வடிவம்மாள் அலமாரியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஹாஜரா வரிசைக்கு வரவே இல்லை.

"நான் எதுக்குலா. புள்ளைங்க நிக்கட்டும், எடம் பத்தாது."

"நீங்க வரலன்னா நான் எடுக்கமாட்டேன் அக்கா" என்றாள் வடிவம்மாள். குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது.

அவர் தயங்கித் தயங்கி வந்து வரிசையின் கடைசியில் நின்றார். போன தடவை நினைவில் இருந்ததோ என்னவோ, தோள்களைக் குறுக்கி, பக்கத்திலிருந்தவள் முதுகுக்குப் பின்னால் பாதி ஒண்டிக்கொண்டார். வடிவம்மாள் கேமராவில் கண்ணை வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எண்ணினாள். பதினேழு. ஹாஜரா நின்ற ஓரத்தில், படத்துக்குள்ளேயே இன்னும் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது.

இத்தனை வருஷமும் எல்லாக் கல்யாணத்திலும் அவள் கை ஒரே மாதிரிதான் அசைந்திருக்கிறது, உள்பக்கமாக: நெருங்குங்க, இன்னும் நெருங்குங்க. இப்போது கண்ணை எடுக்காமலே இடது கையை உயர்த்தி, ஹாஜராவைப் பார்த்து, வெளிப்பக்கமாக மெல்ல அசைத்தாள். தள்ளி நில்லுங்க அக்கா, நல்லா தாராளமா நில்லுங்க.