மங்கலம் அக்காவின் செருப்பு

மங்கலம் அக்கா எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் முதலில் தன் காலைத்தான் பார்ப்பார். டீக்கடை பெஞ்சாக இருந்தாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியாக இருந்தாலும் சரி, எழுந்ததும் குனிந்து இரண்டு பாதங்களையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அடி எடுத்து வைப்பார். வீட்டைப் பூட்டியவர்கள் போகும் முன்பு பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. 2004இலேயே நான் அதைக் கவனித்திருக்கிறேன். மெட்டியைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மறுவருஷம் அவர் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். மெட்டி கழற்றின பிறகும் அக்கா பார்த்தார்.

எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. எட்டாவதோடு படிப்பு நின்றது. சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்து, புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறேன். அதனால் புடவையின் கீழ் ஓரமும் அதற்குக் கீழே இருக்கிற காலும்தான் எனக்குப் பழக்கம். யார் எந்தப் பக்க ஓரத்தை மிதித்துத் தேய்ப்பார்கள் என்று சொல்லிவிடுவேன். யார் கன்னத்தில் மச்சம் என்று கேட்டால் தெரியாது.

அக்கா எங்கள் சந்தில் முதல் வீடு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் ஆயா வேலை பார்த்தவர். பெரிய உடம்பு, பெரிய குரல். டாக்டர் சொன்னால் கேட்காத நோயாளிகள்கூட அக்கா ஒரு அதட்டுப் போட்டால் மாத்திரையை விழுங்கிவிடுவார்கள் என்பார்கள். எங்கள் நடைக் கூட்டத்தை ஆரம்பித்தவரும் அவர்தான்.

2006இல் சிக்குன்குனியா வந்தது. அந்த வருஷம் ஊரே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. காய்ச்சல் போயும் மூட்டு வலி போகவில்லை. அக்கா வீடு வீடாக வந்து கதவைத் தட்டினார்.

"படுத்தே கெடந்தீங்கன்னா முட்டி இரும்பாயிடும். காலைல அஞ்சு மணிக்கு வாங்கடி. நாலு வீதியும் ரெண்டு சுத்து. வராதவ வீட்டுக்கு நானே வந்து தூக்கிட்டுப் போவேன்."

எழிலரசி டீச்சர் வந்தார். அரிசி மண்டிக்கார வீட்டு மலர்க்கொடி வந்தாள். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு மூன்று பேர் வருவதும் நிற்பதுமாக இருந்தார்கள். நானும் போனேன், வேண்டாம் என்று சொல்லத் தெரியாததால். கீழ வீதியில் தொடங்கி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று கோயிலை வலமாகச் சுற்றுவோம். அக்கா முன்னால். நான் எல்லாருக்கும் கடைசியில்.

மலர்க்கொடி நடக்கிற நேரம் முழுக்கப் புலம்புவாள்.

"ஐயோ, குதிகால் கழண்டு வந்துடும்போல இருக்கே."

"கழண்டா பொன்னிகிட்ட குடு. ஃபால்ஸ் வச்சுத் தைச்சுக் குடுப்பா," என்பார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

"உனக்கு வலிக்கவே வலிக்காதாக்கா?"

"எனக்கா? ஊசியால குத்தினாலும் தெரியாதுடி. ஆஸ்பத்திரிக் காலு. நின்னு நின்னு ஒரம் ஏறிக் கெடக்கு."

எல்லாரும் சிரிப்பார்கள். எங்களுக்கெல்லாம் அது பெருமையாகக்கூட இருந்தது. நமக்கு முன்னால் நடக்கிறவளுக்கு வலியே இல்லை என்பது ஒரு தைரியம்.

2008 மழைக்காலத்தில் ஒரு நாள், மேல வீதி திரும்பும் இடத்தில் அக்காவின் இடது செருப்பு கழன்று தரையிலேயே நின்றுவிட்டது. அக்கா நிற்கவில்லை. ஒரு காலில் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும், ஈரத் தார் ரோட்டில் பேசிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த நான் அதை எடுத்துக்கொண்டேன். கூப்பிட வாய் வரவில்லை. வடக்கு வீதியில் ஓடிப்போய் நீட்டினேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"வார் அறுந்துபோச்சு. நான்தான் கழட்டுனேன்."

வார் அறுந்திருக்கவில்லை. அறுந்ததும் அறாததும் எனக்குத் தெரியாதா?

அன்று சாயங்காலம், இரண்டு செருப்பையும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"இதுல பின்னாடி எலாஸ்டிக் வச்சுத் தைச்சுக் குடு. கொழந்தைங்க செருப்பு மாதிரி."

கோணி ஊசி எடுத்தேன். ரப்பரில் ஊசி இறங்கச் சிரமமாக இருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பாத்துட்ட. உன் கண்ணு எப்பவும் கீழதான இருக்கும்," என்றார். "சுகர் பொன்னி. உங்க அண்ணன் படுத்தப்பவே எனக்கும் இருந்துச்சு. ரெண்டு பாதமும் மரத்துப்போச்சு. செருப்பு காலுல இருக்கா இல்லியான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

"மாத்திரை?"

"திங்கிறேன். புவனகிரிக்குப் பஸ் ஏறிப் போயி வாங்கியாந்து திங்கிறேன். இங்க வாங்கினா நாளைக்கே எங்க ஆஸ்பத்திரில தெரிஞ்சுடும்."

அவர் வீட்டுக்காரர் சின்னையன் அண்ணனுக்கு முட்டிக்குக் கீழே காலை எடுத்தார்கள். மூன்று வருஷம் கட்டிலில் கிடந்தார். குளிப்பாட்டுவது, துடைப்பது எல்லாம் அக்காதான். இப்படி ஒரு பொம்பளை கிடைக்கக் கொடுத்து வைக்கணும் என்று சந்து முழுக்கப் பேசியது.

"எல்லாரும் என்னைப் பெருமையாப் பேசுனாங்க," என்றார் அக்கா. "எனக்குத்தான் தெரியும். காலைல எழுந்ததும் அவருக்கு மூச்சு இருக்கான்னு பாப்பேன். இருந்தா, மனசுல சப்புன்னு ஆயிடும். இன்னிக்கும் பாக்கணுமான்னு. மூணு வருஷம் தினமும் அப்படிப் பாத்தேன். அனுப்பிரியா என்னை அப்படிப் பாக்கக் கூடாது."

அனுப்பிரியா அவர் மருமகள். நல்ல பெண். அதைச் சொல்லலாமா என்று நினைத்து, ஊசியை இன்னொரு தடவை இறக்கினேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. விட்டன்னு தெரிஞ்சுது, உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

எலாஸ்டிக் தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் நடக்கவில்லை, காவல் காத்தேன். அக்காவின் குதிகாலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. வெடிப்பு இருக்கிறதா, சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா. மற்றவர்கள் இளைத்தார்கள். டீச்சருக்குப் பிரஷர் குறைந்தது. எனக்கு நெஞ்சு படபடப்புதான் ஜாஸ்தியானது.

2009 கார்த்திகை முடிகிற சமயம், டீச்சர் ஒரு வாரப் பத்திரிகையில் படித்துவிட்டு வந்தார்.

"மார்கழி முப்பது நாளும் செருப்பு இல்லாம நடப்போம். பாதத்துல நரம்பு எல்லாம் அழுந்துமாம். ஒடம்புக்கும் நல்லது, சாமியையும் சுத்தின புண்ணியம்."

"ஆமா டீச்சர், கோயிலைச் சுத்துறப்பவும் செருப்போடதான நடக்கிறோம், எனக்கு எப்பவும் உறுத்தும்," என்றாள் மலர்க்கொடி.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். நான் அவர் காலைப் பார்த்தேன். நான் தைத்த எலாஸ்டிக் இன்னும் விடாமல் பிடித்திருந்தது.

"அதுக்கென்ன, நடப்போம்," என்றார் அக்கா.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கடைசியில், "பனி அதிகமா இருக்கும்," என்றேன்.

"பனி காலுக்கா பெய்யுது? தலைக்கு முக்காடு போட்டுக்கடி," என்று மலர்க்கொடி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்காதான் உரக்கச் சிரித்தார்.

அன்று இரண்டு மடிப்பாகப் பழைய பெட்ஷீட்டை வெட்டி, பாதத்துக்கு உறை மாதிரி ஒரு ஜோடி தைத்தேன். அக்கா விரித்துப் பார்த்தார். "என்னாடி இது, பொணத்துக்குப் போடுறதா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சொல்ல முடியாதவள் வேறு என்ன செய்வது? மார்கழி ஒன்றாம் தேதி நான் முன்னால் போனேன். அக்காவுக்கும் முன்னால். எல்லாரையும்விட நாலு அடி முன்னால் நடந்து, கண்ணாடிச் சில்லு, கருவேல முள், தேங்காய் ஓடு என்று கிடப்பதையெல்லாம் காலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனேன். தெருவிளக்கு இல்லாத இடத்தில் குனிந்து கையால் எடுத்துப் போட்டேன்.

"பொன்னிக்கு என்னா ஆச்சு? பந்தயத்துல ஓடுறாளா?"

"சில்லறை தேடுறாடி."

"அதில்ல, மாப்பிள்ளை தேடுறா. தரையிலதான் தேடுவா."

கேட்டுக்கொண்டேன். அக்கா மட்டும் அந்தச் சிரிப்பில் சேரவில்லை. ஆனால் செருப்பும் போடவில்லை. என் காலில் இரண்டு தடவை முள் ஏறியது. வலித்தபோது நிம்மதியாக இருந்தது, அவருக்கு ஏறாமல் எனக்கு ஏறியதே என்று. ஒவ்வொரு நாளும் வீடு வந்ததும் இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவேன்.

நடராஜருக்குத் தேரும் ஆருத்ரா தரிசனமும் அந்த மாதத்தில்தான். நாலு வீதியிலும் கடை போட்டிருந்தார்கள். வளையல், பொரி, பிளாஸ்டிக் சாமான். தரிசனம் முடிந்த மறுநாள் விடியற்காலை, பாதிக் கடையைப் பிரித்துவிட்டிருந்தார்கள். மூங்கிலும் கயிறும் பலகையும் குப்பையுமாகக் கிடந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தள்ளித் தள்ளிப் பார்த்தும் எனக்குத் தீரவில்லை. வேகமாக நடந்தால் முன்னால் கிடப்பதை அகற்றலாம் என்று இன்னும் வேகமாகப் போனேன்.

வடக்கு வீதியில் ஒரு வீட்டு அம்மா அப்போதுதான் கோலம் போட்டு முடித்துக் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.

"கோலத்தை மிதிச்சிட்டுப் போறீங்களே, கண்ணு தெரியலியா?" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார்.

திரும்பினேன். வெள்ளைக் கோலத்தின் நடுவில் சிவப்பாக ஒரு குதிகாலும் ஐந்து விரலும்.

"மங்கலம் அக்கா எங்கியோ காவியை மிதிச்சிட்டு வந்திருக்கு," என்று மலர்க்கொடி சிரித்தாள். அக்காவும் சிரித்துக்கொண்டே வந்தார். கோலத்தைத் தாண்டி தார் ரோட்டில் அடுத்த அடி, அதற்கடுத்த அடி, எல்லாம் ஈரமாக மின்னின. காவி அப்படி மின்னாது.

"அக்கா, நில்லுங்க!"

என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. வீதியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"நில்லுங்கக்கா. ரத்தம். உங்களுக்குத் தெரியாது. உங்க காலுக்கு உணர்ச்சி இல்ல. நடக்காதீங்க!"

அக்கா நின்றார். குனிந்து பார்த்தார். அந்தக் கோலக்கார அம்மாவின் வாசற்படியில் உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி மடிமேல் வைத்து, யாரோ ஒரு நோயாளியின் காலைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். விரலுக்குக் கீழே பந்தல் ஆணி ஒன்று, தலை மட்டும் தெரிய இறங்கியிருந்தது. எங்கே ஏறியதோ. மேல வீதி வரைக்கும் அந்தச் சிவப்பு போனது என்று பிறகு டீச்சர் சொன்னார்.

மலர்க்கொடி பிடுங்கப் போனாள். "தொடாத. இங்க புடுங்கினா ரத்தம் ஜாஸ்தியா வரும்," என்றார் அக்கா, ஆஸ்பத்திரிக் குரலில். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டல்ல?"

அவ்வளவுதான் சொன்னார்.

தான் வேலை செய்கிற இடத்தில் படுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததால், கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பத்தொன்பது நாள். புண் ஆறாமல் சீழ் பிடித்து, பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். நான் மூன்று முறை பஸ்ஸில் அந்த ஆஸ்பத்திரி இருக்கிற மஞ்சக்குப்பம் போய்ப் பார்த்தேன். மூன்று முறையும் அக்கா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கொண்டுபோன கஞ்சியை அனுப்பிரியாவிடம் கொடுத்தேன்.

வராந்தாவில் அனுப்பிரியா கேட்டாள். "உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்க்கா?"

"ஒரு வருஷமா."

"தெரிஞ்சும் வெறுங்காலோட நடக்க விட்டீங்களா?"

சொன்னதற்கு ஒருத்தி பேசவில்லை, சொல்லாததற்கு ஒருத்தி கேட்கிறாள். இரண்டு பேருமே சரி. இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் பாதத்தையே எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னாராம். அதை எனக்கு டீச்சர்தான் வந்து சொன்னார், ஆறுதலாக. எனக்கு ஆறவில்லை. முன்னால் போகாமல் வழக்கம்போலக் கடைசியிலேயே நடந்திருந்தால், மேல வீதியிலேயே அந்தச் சிவப்பைப் பார்த்திருப்பேன். கூட்டத்தில் வாயைத் திறந்திருந்தால், பார்க்க வேண்டிய வேலையே வந்திருக்காது.

போன மார்கழியில் தானே புயல் அடித்து வீதியெங்கும் தகரமும் கிளையுமாகக் கிடந்தது. பத்து நாள் கழித்து நாங்கள் மறுபடி புறப்பட்ட அன்று, அக்கா தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "எல்லாரும் செருப்பு போட்டிருக்கீங்களாடி? காட்டுங்க," என்று அதட்டினார். ஒவ்வொருத்தியும் புடவையைத் தூக்கிக் காலைக் காட்டினாள். என் கால் வந்தபோது பார்த்தார். அடுத்தவள் காலுக்குப் போனார். வெளியாட்கள் கேட்டால் இன்றும் ஆணி குத்திவிட்டது என்றுதான் சொல்கிறார். சுகர் என்ற வார்த்தை அவர் வாயில் வருவதில்லை.

இது 2012 ஆடி மாதம். எங்கள் கூட்டத்தில் இப்போது ஆறு பேர். மார்கழியிலும் செருப்போடுதான் நடக்கிறோம். நான் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நடுவில் நடக்கிறேன், தரையைப் பார்த்துக்கொண்டே. மங்கலம் அக்காவுக்கு இடது காலில் மூன்று விரல்கள் இருக்கின்றன, வலது கால் முழுசாக இருக்கிறது. வேலைக்குப் போவதில்லை. கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு காலையில் எங்கள் சந்துக்குள்ளேயே இருபது தடவை போய் வருகிறார், அனுப்பிரியா வாசலில் நின்று எண்ணுகிறாள். என்னோடு அக்கா பேசுவதில்லை. போன வாரம் ஷூவில் ஒட்டுகிற பட்டை பிய்ந்துவிட்டது. அனுப்பிரியாவிடம் கொடுத்தனுப்பினார். தைத்துக் கொடுத்தேன்.