முகமூடியைக் கொடுத்த கை

கோவையிலிருந்து வெளிவரும் ஒரு காமிக்ஸ் இதழில் பல வருடங்கள் வேலை செய்தேன். மூத்த ஓவியர் பென்சிலில் படம் போடுவார். அதன்மேல் மை இழுப்பது நான். எங்கள் நாயகன் கறுப்பு முகமூடி அணிந்தவன். அட்டையில் மூத்தவர் பெயர் மட்டும் வரும். அவர் ஓய்வு பெற்றுத் தாராபுரத்துக்கு மகளோடு இருக்கப் போனபோது, நாயகன் இனி என் கைக்குத்தான் வருவான் என்று நினைத்தேன். என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லியே விட்டாள்.

ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம ஆளுக்கு வயசாயிப்போச்சுங்க. இந்த இதழ்ல முகமூடியக் கழட்டி ஒரு காலேஜ் புள்ளைகிட்டக் குடுத்துப்போடறாரு. இனி அதுதான் நாயகி. படம் போட சூலூர்ல இருந்து ஒரு பொண்ணு வருதுங்க."

"அப்ப நானுங்க?"

"இந்த இதழுக்குப் பழைய ஆளை நீங்க போடுங்க. புது ஆளை அது போடட்டும். ரெண்டு பேரு கையும் ஒரே பக்கத்துல வந்தா நல்லாருக்குமுங்க."

அந்தப் பெண்ணின் வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறார்கள். அவள் காகிதத்தைத் தொடுவதே இல்லை; டேப்லெட்டில்தான் வரைவாள். நான் அரைநாள் குனிந்து போடும் கட்டடத்தை, டீ வருவதற்குள் முடித்துவிடுவாள். அது நன்றாகவும் இருக்கும். மோசமாக வரைந்திருந்தால் அவளை எனக்குப் பிடித்திருக்கும்.

முகமூடி கைமாறும் பக்கத்தை முதலில் நான் வரைந்தேன். பழைய நாயகன் கையை நீட்டுகிறான். ஆனால் விரல்கள் முகமூடியை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. விரல் நரம்புகள்கூடத் தெரியும்படி போட்டேன்.

அதை ஸ்கேன் செய்து டேப்லெட்டில் ஏற்றி, அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, இவரு குடுக்கற மாதிரியே இல்லீங்களே?"

"யாரு சாமி மனசோட குடுப்பாங்க?" என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. முகமூடியைப் பிடித்து இழுப்பதுபோல் தான் முன்பே மாதிரிக்குப் போட்டு வைத்திருந்த கையை அழித்தாள். அவன் கைக்குக் கீழே, தொடாமல், ஒரு வெறும் உள்ளங்கையை வரைந்தாள். அவனாக விடும்வரை காத்திருக்கும் கை. அந்தப் பக்கம் அவளுடையதாகிவிட்டது.

இதழ் வந்ததும் எல்லோரும் அந்த உள்ளங்கையைப் பற்றித்தான் பேசினார்கள். புத்தகக் கண்காட்சியில் அவளிடம் கையெழுத்து வாங்க வரிசை நின்றது. நான் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருவர் என்னருகே வந்தார்.

"ஏனுங்க, நீங்க அந்தப் புள்ளையோட அப்பாங்களா? கொஞ்சம் சொல்லி எங்களை முன்னால உடுங்களேன்."

"நான் அப்பா இல்லீங்க."

அது அவள் காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்து, இதழை விரித்து அவரிடம் காட்டினாள். "இந்தக் கை இவரு போட்டதுங்க. இது இல்லீன்னா என்ற கைக்கு அர்த்தமே இல்லீங்க."

"அப்படிங்களா, நல்லாருக்குதுங்க," என்றவர், இதழை அவளிடமே கையெழுத்துக்கு நீட்டினார்.

அந்த மாதமே வேலையை விட்டேன். இப்போது பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன். போன வாரம் சத்தியமங்கலம் போக பஸ் ஏறுமுன் கடையில் புது இதழ் தொங்கியது. வாங்காமல் இருக்க முடியவில்லை.

கதை காட்டில் நடக்கிறது. ஒரு படத்தில் யானைக்குக் கால் நகமே போடவில்லை அவள். பஸ் அன்னூர் வரும்வரை, அந்தத் தப்பைக் கண்டுபிடித்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு பக்கத்தைத் திருப்பினேன். மரங்களுக்கிடையே மழை பெய்துகொண்டிருந்தது. அப்படியொரு மழையை நான் ஒருநாளும் வரைந்ததில்லை. பஸ் புளியம்பட்டியைத் தாண்டிய பிறகும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.