கம்பளிக்கு அடியில்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது என் அக்காவுக்கு நடந்தது. பேய்ப் படம் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறவள் அவள். அன்றோடு அந்தச் சிரிப்பு போயிற்று.

புகைப்படத்தைச் செப்புத் தகட்டில் அரித்தெடுத்து, மை பூசித் தாளில் அச்செடுப்பது அக்காவின் தொழில். போருக்குத் தப்பி ஓடி வந்தபோது அம்மா இடுப்பில் செருகி வந்த ஒரே ஒரு போட்டோ எங்கள் வீட்டில் உண்டு. நாற்காலியில் அம்மா. பக்கத்தில் அப்பா. அவர் கையில் கைக்குழந்தையாய் அக்கா. அப்பா இப்போது இல்லை. ஓடி வந்த கதையை அம்மா வாயே திறக்கமாட்டாள். படமாவது சொல்லட்டும் என்று அக்கா அதைக் கேட்டு ஒற்றைக்காலில் நின்றாள். "அத மட்டும் தொடாதடி" என்று அம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டாள். அக்கா கேட்டால்தானே?

ஞாயிற்றுக்கிழமை மதியம். பட்டறையில் அவள் மட்டும். முதல் அச்சில் அம்மாவின் மடியில் ஒரு கறை. தகட்டில் ஏதோ கோளாறு என்று அந்த இடத்தைச் சுரண்டி, மழமழவென்று தேய்த்தாள். வழவழப்பான செம்பில் மை நிற்காது.

நின்றது.

இரண்டாவது அச்சில் கறை பெரிதாகியிருந்தது. மறுபடி சுரண்டினாள். மூன்றாவது தாளை வைத்து, வழக்கம்போல் மேலே தடித்த கம்பளியை விரித்து, அச்சு எந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றினாள். உருளை கம்பளிமேல் ஏறியது.

ம்ம்... ம்ம்ம்...

எந்திரத்தின் சத்தம் என்று கையை எடுத்தாள். எந்திரம் நின்றது.

ம்ம்ம்...

கம்பளிக்கு அடியிலிருந்து.

சக்கரத்தைத் திருப்பினாள். கம்பளியைப் பிடுங்கினாள். சத்தம் நின்றது. தாளில், அம்மாவின் மடியில்... ஒரு குட்டிக் கால்.

அம்மாவுக்கு போன் போட்டாள்.

"அம்மா... போட்டோல உன் மடியில யாரும்மா?"

அம்மா திருப்பிக் கேட்டாள்.

"கால் தெரியுதா?"

"தெரியுது."

"ரெண்டு விரல் ஒட்டியிருக்கா, பாரு."

பார்த்தாள். ஒட்டித்தான் இருந்தது.

"மேல எதையும் போட்டு மூடாதடி. ஒரு தடவ மூடினது போதும்..."

அன்று மாலைதான் அம்மா வாயைத் திறந்தாள். ஓடி வந்த வழியில் புதருக்குள் பதுங்கியிருந்தார்களாம். பக்கத்திலேயே சிப்பாய்களின் காலடி. பிறந்து சில நாளே ஆன குழந்தை அழுதது. அக்காவுக்குத் தம்பி. எனக்கு அண்ணன். அம்மா கம்பளியால் மூடி அழுத்திப் பிடித்தாள். சிப்பாய்கள் போன பிறகு கம்பளியை எடுத்துப் பார்த்தாள்.

"நானும் அவனைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேனே" என்று அக்கா இன்னும் அழுகிறாள்.

எனக்கு வேறொன்றுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்த போட்டோ எடுத்தது, அவன் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால்.