அரை இஞ்ச் மார்ஜின்

என் பெயர் ஆல்வின். இதைக் கதை என்று நினைத்தால் இப்போதே மூடி வைத்துவிடுங்கள். அந்தத் தாளை மோந்து பார்த்த மூக்கு என்னுடையது. இன்னும் சோறு இறங்குவதில்லை.

2004 ஆகஸ்ட், ஆம்பூர். என் தங்கை ஜெனிஃபாவின் புருஷன் நத்தானியேல் முந்தின ராத்திரி வேலை முடிந்து வீடு வரவில்லை. முழு உருவப் படம், கீழே ஃபோன் நம்பர் போட்டு இருபது தாள் கொண்டுவரச் சொன்னார்கள் போலீஸ் ஸ்டேஷனில். என் வீட்டில் புதிதாக வாங்கிய பிரின்டர் இருந்தது. எனக்கு அவன்மேல் அருவருப்புதான். குடித்துவிட்டு எங்காவது சாக்கடையோரம் கிடப்பான் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் 4.10. முதல் தாள் வந்தது. நம்பரில் பாதி இல்லை. தாளின் அடியில் அரை இஞ்ச்சுக்கு அந்த பிரின்டர் மை வைக்காது. உருளை தாளைப் பிடித்துக்கொள்ளும் இடம் அது. ஆனால் அந்த வெள்ளையில் பழுப்பாக, ஈரமாக ஒரு கோடு...

"ஆச்சாண்ணா?" வாசலில் இருந்து ஜெனிஃபா. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை அவள்.

"மார்ஜின் தகராறு. இரு."

மார்ஜினைப் பூஜ்யமாக்கினேன். 4.35. நம்பர் மறுபடியும் வெட்டுப்பட்டது. பழுப்பு நத்தானியேலின் முழங்கால் வரை ஏறியிருந்தது. தொட்டேன். கொழகொழவென்று விரலில் ஒட்டியது. மோந்து பார்த்தேன். சீ! சுண்ணாம்பில் ஊறி அழுகிய தோல் நாற்றம். தோல் பதனிடும் இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் தெரியும். மை இப்படி நாறுமா?

உருளையைப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சில் ஆட்டு மயிர். கூடவே வெள்ளைச் சவ்வு. திரையில் படம் சுத்தமாகத்தான் இருந்தது.

5.05. படத்தைச் சுருக்கினேன். பழுப்பு... மார்பு வரை.

"இன்னா நாத்தம்ணா இது?"

"ஒண்ணுமில்ல. நீ உள்ள வராத."

கடைக்காரன் கெட்டுப்போன மையைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டிக்கொண்டே வேறு மை மாற்றினேன்.

5.30. கழுத்து.

5.41. கிர்ர்... கிர்ர்... தாள் பாதியில் நின்றது. இழுத்தேன். கண்கள் மட்டும் பாக்கி. படத்தில் சிரித்த கண்கள். தாளில் சிரிக்கவில்லை.

5.44. தாள் முழுக்கப் பழுப்பு.

5.50. பளிச்சென்று வந்தது. நம்பர் முழுசாக. மார்ஜின் வெள்ளையாக. இருபதும் அப்படியே.

"அப்பாடா, சரியாய்டுச்சி" என்றேன்.

மூன்றாம் நாள்தான் அவன் உடலை எடுத்தார்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால், மூடிக் கிடந்த தோல் டேனரியின் கழிவுக் குட்டையில். மேலே காய்ந்து தரை மாதிரி இருக்கும். கால் வைத்தால் மெல்ல மெல்ல உள்ளே இழுக்கும். அந்த ராத்திரி வேலை முடிந்து குறுக்கு வழியில் வந்திருக்கிறான். அவன் குடிக்கவே இல்லை என்றார் டாக்டர்.

அடக்கம் முடிந்து வந்தோம். குட்டைக்குப் பக்கத்து ஷெட்டின் வாட்ச்மேன் சர்தார் பாஷா வாசலில் நின்றிருந்தார்.

"இந்த வீட்ல ஆல்வின் யாரு தம்பி?"

"நான்தான். ஏன் பாய்?"

"அன்னிக்கி நாலு மணிக்கு டூட்டிக்கு வந்தேன். பின்னாடி யாரோ கத்திக்கினே இருந்தான். குடிகாரப் பேஜாருன்னு உட்டுட்டேன். ஆறுக்குக் கால் மணி இருக்க நின்னுபோச்சி."

"என்ன... கத்தினான்?"

"‘ஆல்வின் மச்சான், பேப்பரைப் பாரு... பேப்பரைப் பாரு’ன்னு. இன்னா பேப்பர் தம்பி அது?"

ஜெனிஃபா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.